நீடாமங்கலத்தில் வாண்டா ஆர்க்கிட் வாடுகிறது: வெயிலா, தண்ணீரா, மண்ணா?

வெண்ணாற்றங்கரை | மே 9

வணக்கம். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். தை மாதம் ஒரு மலர்க் கண்காட்சியில் மூன்று வாண்டா ஆர்க்கிட் செடிகள் வாங்கினேன். மூன்றும் ஊதாப் பூ. செம்மண்ணும் தொழுஉரமும் கலந்த தொட்டியில் நட்டுத்தான் கொடுத்தார்கள். "தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் போதும்" என்றார்கள். ஒருநாள்கூடத் தவறாமல் ஊற்றினேன்.

மாசியில் பூ உதிர்ந்தது. பங்குனியில் அடியிலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாகக் கழன்றன. சித்திரை பிறந்ததும் ஒரு செடி செத்துவிட்டது. மற்ற இரண்டிலும் இலைகள் நீளவாக்கில் சுருங்கி, வெயிலில் கிடந்த வெற்றிலை போலத் துவண்டுவிட்டன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இரண்டு வேளை ஊற்றத் தொடங்கினேன். நிலைமை இன்னும் மோசமாகிறது.

என் மகள் பதினொன்றாம் வகுப்பில் வாண்டாவின் வேரைப் படமாக வரைந்தது நினைவிருந்தது. அந்தப் பெயருக்காகவே கண்காட்சியில் நின்று வாங்கினேன். எங்களுக்குப் போர் தண்ணீர்தான். அக்னி நட்சத்திரம் வேறு தொடங்கிவிட்டது. இது மலைப்பகுதியில் மட்டும் வளரும் செடியா? மிச்சமுள்ள இரண்டையாவது காப்பாற்ற வழி சொல்லுங்கள்.

கொள்ளிடத்தான் | மே 9

அம்மா, வெயில் காரணமில்லை. மண்தான் காரணம். இதைப் படித்தவுடன் இரண்டு செடிகளையும் தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

வாண்டா மண்ணில் வளரும் செடியே அல்ல. மரக்கிளையைப் பற்றிக்கொண்டு, வேர்களைக் காற்றில் தொங்கவிட்டு வாழ்கிறது. மழை பெய்தால் வேர் நனையும். மழை விட்டதும் காற்றில் உலர்ந்துவிடும். நனைவது எவ்வளவு அவசியமோ, உலர்வதும் அவ்வளவு அவசியம். மண்ணுக்குள் புதைத்தால் உலர்வதே நடப்பதில்லை. வேர் மூச்சுமுட்டி அழுகுகிறது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் தொட்டி நிறைய ஈரம் இருக்கும்போதே இலை தாகத்தில் சுருங்குகிறது. நீங்கள் இரண்டு வேளை ஊற்றியது அழுகலைத்தான் வளர்த்திருக்கிறது. உங்கள் தவறல்ல, மண்ணில் நட்டுக் கொடுத்தவர்கள்தான் பொறுப்பு. திருவையாற்றில் பன்னிரண்டு ஆண்டுகளாக வளர்க்கிறேன். என்னுடைய முதல் ஆறு செடிகளும் இதேபோல மண்ணில்தான் செத்தன.

வேர்களைக் கழுவிவிட்டு, ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. மேல்தோல் உறை போலக் கழன்று, நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் செத்த வேர். எத்தனை கெட்டி வேர்கள் என்று எண்ணிச் சொல்லுங்கள். மீதியைப் பிறகு பேசுவோம்.

வெண்ணாற்றங்கரை | மே 9

எடுத்துவிட்டேன் ஐயா. தொட்டியைக் கவிழ்த்ததும் ஒரே அழுகல் வாடை. ஒரு செடியில் நான்கு கெட்டி வேர்கள், மண்ணுக்கு மேலே இருந்தவை. இன்னொன்றில் ஒன்றே ஒன்று, அதுவும் விரல் நீளம்தான். மற்றதெல்லாம் நீங்கள் சொன்ன நூல்.

கொள்ளிடத்தான் | மே 10

நான்கு வேர் இருப்பது பிழைத்துவிடும். ஒற்றை வேர்ச் செடிக்கும் நம்பிக்கை இருக்கிறது, பொறுமை வேண்டும்.

கத்தரிக்கோலைத் தீயில் காட்டி, ஆறவிட்டு, செத்த வேர்களை நறுக்குங்கள். வெட்டு வாயில் மட்டும் லவங்கப்பட்டைத் தூள் தொட்டு வையுங்கள். நல்ல வேரில் அந்தத் தூள் படக்கூடாது, உலர்த்திவிடும். பிறகு செடியை நிழலான, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். ஓட்டை பெரிதாக உள்ள பிளாஸ்டிக் கூடையோ மரக்கூடையோ போதும். உள்ளே எதையும் நிரப்ப வேண்டாம். மிகவும் மனசு கேட்கவில்லை என்றால் நான்கைந்து பெரிய கரித்துண்டுகள் போடலாம். நம் பக்கம் கிடைக்கிறதே என்று தேங்காய் மட்டையையும் நார்க்கழிவையும் போடுகிறார்கள். என் அனுபவத்தில் அது வாண்டாவுக்கு ஈரத்தை மிக அதிகமாகப் பிடித்து வைக்கிறது. டென்ட்ரோபியம் என்ற இன்னொரு வகை ஆர்க்கிட்டுக்குச் சரி, அதுவும் மட்டையைப் பல நாள் ஊறவைத்து உப்பையும் கறையையும் போக்கிய பிறகு.

தினமும் காலையில் ஒரு வாளித் தண்ணீரில் வேர்களை மட்டும் அரை மணி நேரம் முக்கி வையுங்கள். உலர்ந்த வேர் வெள்ளி நிறத்தில் இருக்கும். தண்ணீர் ஏறியதும் பச்சையாகும். முழுவதும் பச்சையானால் குடித்துவிட்டது என்று பொருள். எடுத்துத் தொங்கவிடுங்கள். மதியத்துக்குள் மறுபடி வெள்ளியாக வேண்டும். இந்த நிறமாற்றத்தைப் பார்க்கப் பழகிவிட்டால் வாண்டா வளர்ப்பில் பாதி கற்றுக்கொண்ட மாதிரி.

ஒற்றை வேர்ச் செடிக்கு அக்னி முடியும்வரை சாயங்காலம் நான்கு மணிக்குள் இலைகளில் ஒரு தெளிப்பு கொடுங்கள். இரவில் குருத்தில் தண்ணீர் தேங்கி நிற்கக்கூடாது. வாண்டா ஒற்றைத் தண்டாக மேல்நோக்கி மட்டுமே வளர்வது. குருத்து அழுகினால் மேற்கொண்டு உயரமே போகாது. வேர் வரும்வரை உரம் கிடையாது.

இலுப்பைத்தோப்பு | மே 11

மயிலாடுதுறைப் பக்கம் தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். கொள்ளிடத்தார் சொன்ன நிறமாற்றத்தின் காரணத்தைச் சொல்ல ஆசைப்படுகிறேன். பாடப்புத்தகப் படத்தில் உங்கள் மகள் வரைந்தது இதைத்தான்.

வேரின் வெளிப்புறத்தில் வெலாமன் என்ற திசு இருக்கிறது. முதிர்ந்ததும் அதன் செல்கள் உயிரற்று, உள்ளே வெறும் காற்று நிரம்பிய கூடுகளாகிவிடும். காற்று ஒளியைச் சிதறடிப்பதால் வேர் வெள்ளியாகத் தெரிகிறது. மழைத்துளி பட்டவுடன் கடற்பஞ்சு போல உறிஞ்சிக்கொள்கிறது. காற்று வெளியேறித் தண்ணீர் நிறைந்ததும் அந்தத் திசு கண்ணாடி போலாகிறது. உள்ளே இருக்கும் பச்சையம் தெரிகிறது. ஆம், வாண்டாவின் வேருக்குள் பச்சையம் உண்டு. இலையோடு சேர்ந்து வேரும் உணவு தயாரிக்கிறது. மண்ணில் புதைக்கும்போது அந்த வேலையையும் நிறுத்திவிடுகிறோம்.

டென்ட்ரோபியம் போன்றவற்றுக்குத் தடித்த தண்டில் நீர்ச் சேமிப்பு இருக்கிறது. வாண்டாவுக்கு அது கிடையாது. தடித்த இலையிலும் வேரிலும் உள்ளதுதான் கையிருப்பு. அதனால்தான் வேர் போனதும் இலை இவ்வளவு விரைவாகச் சுருங்குகிறது.

மலைச்செடியா என்று கேட்டிருந்தீர்கள். நீலவாண்டா மலைச்செடிதான், 1837இல் வில்லியம் கிரிஃபித் என்ற தாவரவியலாளர் மேகாலயாவின் காசி மலைகளில் கண்டெடுத்தார். அதைப் பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவைச் சேர்ந்த சாண்டர் வாண்டாவுடன் கலந்து 1931இல் பதிவான ராத்ஸ்சைல்டியானா என்ற கலப்பினம் புகழ்பெற்றது. இன்று சந்தைக்கு வரும் ஊதா, நீல வாண்டாக்களில் பெரும்பாலானவை இந்த இரண்டின் வழிவந்தவை. மிண்டனாவோ இனம் வெப்பத் தாழ்நிலத்தைச் சேர்ந்தது. அந்த இரத்தம் கலந்திருப்பதால்தான் உங்கள் ஊரில் இவை பூக்க முடிகிறது. குளிர் 13 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் இவை துன்பப்படும். டெல்டாவில் அந்தக் கவலை இல்லை.

ஆனால் நம் சமவெளிக்கே சொந்தமான வாண்டா ஒன்று இருக்கிறது. வாண்டா டெசலேட்டா. மாமரத்திலும் புளியமரத்திலும் இருக்கும். மஞ்சள் கலந்த பச்சையில் பழுப்புக் கட்டங்கள், நடுவில் ஊதா உதடு, நல்ல மணம். டெசலேட்டா என்றாலே கட்டம் கட்டமாக அமைந்தது என்றுதான் பொருள். ராக்ஸ்பரோ என்ற தாவரவியலாளர் 1795இல் இதை விவரித்த நூலே சோழமண்டலக் கரையின் தாவரங்கள் பற்றியதுதான். வாண்டா என்ற பெயரும் இந்த நாட்டிலிருந்து போனதுதான். கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து எடுத்தார்.

இன்னும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. தாவரங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவரான யோகான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் நம் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். பிறகு சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்குப் போய் அங்குள்ள ஆர்க்கிட்களை விரிவாக எழுதினார். அது 1791இல், அவர் இறந்த பிறகுதான் அச்சானது. ஆசிய ஆர்க்கிட்களைப் பற்றிய அறிவின் ஒரு வேர் காவிரி கடலில் சேரும் இடத்துக்கு அருகே இருக்கிறது. தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்களிடம் நான் இதைச் சொல்லாமல் விட்டதில்லை.

உப்பளக்காற்று | மே 12

நான் வேதாரண்யம். எல்லோரும் மண்ணைப் பேசினீர்கள், நல்லது. ஆனால் அக்கா போர் தண்ணீர் என்று எழுதியிருக்கிறார்களே, அதை யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் போர் தண்ணீரில் முக்கினால் ஒரே மாதத்தில் வேர் நுனி கருகிவிடும். உலர்ந்த வேரில் வெள்ளைப் பொரி போல உப்புப் படியும். அக்கா, முதலில் தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள். 200க்குக் கீழே இருந்தால் தயங்காமல் பயன்படுத்தலாம். 500ஐத் தாண்டினால் வாண்டாவுக்குக் கொடுக்காதீர்கள்.

நான் மொட்டை மாடி மழைநீரை இரண்டு பெரிய டிரம்மில் பிடித்து வைக்கிறேன். மொத்தம் 400 லிட்டர். ஒரே வாளித் தண்ணீரில் பத்துச் செடிகளை முக்கலாம் என்பதால் நீண்ட நாள் வரும். ஒரு செடியில் அழுகல் இருந்தால் மட்டும் அதே வாளியில் மற்றதை முக்கக்கூடாது, நோய் பரவிவிடும். கோடையில் டிரம் தீர்ந்தால் குடிதண்ணீர்க் குழாய்த் தண்ணீரை ஒருநாள் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துகிறேன். வீட்டுச் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் கழிவு நீரைச் சிலர் செடிக்கு ஊற்றுகிறார்கள். உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது, வேண்டவே வேண்டாம்.

வெண்ணாற்றங்கரை | மே 14

மீட்டரில் 840 காட்டியது. பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. பக்கத்து வீட்டில் பிடித்து வைத்த மழைநீர் இருக்கிறது. தினம் ஒரு வாளி தருகிறார்கள். ஆற்றில் தண்ணீர் வந்ததும் அதைப் பயன்படுத்தலாமா? அரிசி கழுவிய தண்ணீர் கொடுக்கலாம் என்று இங்கே சொல்கிறார்கள்.

கொள்ளிடத்தான் | மே 14

840 என்றால் மண்ணோடு சேர்ந்து தண்ணீரும் வேரைத் தின்றிருக்கிறது. உப்பளக்காற்று கேட்டிராவிட்டால் நான் அதைத் தவறவிட்டிருப்பேன். நன்றி சகோதரி.

ஆற்றுத் தண்ணீர் நல்லது. மேட்டூர் திறந்து வரும் முதல் தண்ணீர் கலங்கலாக இருக்கும். ஒரு இரவு தெளியவிட்டு மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். அரிசி கழுவிய தண்ணீர் ரோஜாவுக்கு ஊற்றுங்கள். வாண்டா வேரில் அந்த மாவு படிந்தால் பூஞ்சைக்குத்தான் விருந்து. மோரும் பஞ்சகவ்யமும் அப்படியே. மண்ணில் அவற்றைச் செரிக்க நுண்ணுயிர்கள் இருக்கின்றன; அந்தரத்தில் தொங்கும் வேரில் அது நடக்காது.

கடைமடை | மே 17

ஐயா சொன்ன கட்டம் போட்ட பூ எங்கள் வீட்டிலேயே இருக்கிறது! பேராவூரணிப் பக்கம் எங்கள் தோப்பு. 2018 கஜா புயலில் தென்னை எல்லாம் போய்விட்டது, கிணற்றடி மாமரம் மட்டும் நின்றது. அதன் கவட்டையில் மூன்று கொத்து இருக்கிறது. அப்பா அதைப் புல்லுருவி என்று சொல்லி அரிவாளோடு நிற்கிறார். மரத்தின் சத்தை உறிஞ்சுகிறது, காய்ப்புக் குறைகிறது என்கிறார். வெட்டிவிடுவதற்குள் ஒரு கொத்தைப் பிரித்து அக்காவுக்கு அனுப்பட்டுமா?

இலுப்பைத்தோப்பு | மே 17

தம்பி, அப்பாவிடம் உடனே சொல்லுங்கள்: அது புல்லுருவி இல்லை. புல்லுருவியின் வேர் கிளையின் மரக்கட்டைக்குள் புகுந்துவிடும். ஒட்டிய இடத்தில் கிளை வீங்கியிருக்கும், பிடித்து இழுத்தால் பிரியாது. அது உண்மையிலேயே மாமரத்தின் சாற்றைக் குடிக்கிறது. அதை வெட்டத்தான் வேண்டும். வாண்டாவின் வேர் பட்டையின் மேலே ஊர்ந்து போகிறது, உள்ளே இறங்குவதில்லை. ஒரு வேரை நகத்தால் மெல்லத் தூக்கிக் காட்டுங்கள். அடியில் பட்டை முழுசாக இருக்கும். மாமரம் இடம் மட்டும்தான் கொடுக்கிறது.

பிரித்து அனுப்புவதை நான் ஏற்கவில்லை. ஒரு காயில் பல்லாயிரம் விதைகள் இருக்கும், தூசியைப் போல. ஆனால் விதைக்குள் முளைப்பதற்கான உணவே கிடையாது. குறிப்பிட்ட பூஞ்சை வந்து சேர்ந்தால்தான் முளைக்கும். 1922இல் நட்சன் என்ற அமெரிக்க அறிவியலாளர் சர்க்கரை கலந்த வளர்ப்பு ஊடகத்தில் பூஞ்சையின்றி முளைக்கவைத்துக் காட்டினார். நர்சரிச் செடிகள் குடுவைக்குள் பிறப்பது அந்த வழியில்தான். மரத்தில் அப்படியில்லை. உங்கள் கவட்டையில் இருக்கும் மூன்று கொத்தும் எத்தனையோ விதைகள் வீணான பிறகு பிழைத்தவை. நாட்டு மருந்து என்று சொல்லியும் இதைப் பறிக்கிறார்கள். வங்காளத்தில் ராஸ்னா என்று இதன் வேரைப் பயன்படுத்துவது உண்டு. தென்னாட்டு ராஸ்னா அரத்தை, வயலிலேயே பயிராகிறது. மரத்தில் இருப்பதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

கொள்ளிடத்தான் | மே 18

ஐயாவோடு ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். நிற்கும் மரத்திலிருந்து பிரிப்பது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கஜாவுக்குப் பிறகு விழுந்த மரங்களோடு எத்தனை ஆர்க்கிட்கள் விறகுக் கடைக்குப் போயின! வெட்டப்படும் சாலையோர மரங்களிலும் அதே கதை. அப்படிக் கீழே விழுந்தவற்றை எடுத்து இன்னொரு மரத்தில் கட்டுவதுதான் அவற்றுக்கு உயிர். என்னிடம் இருக்கும் இரண்டு டெசலேட்டாக்கள் திருவையாற்றில் வெட்டிய புளியமரத்திலிருந்து வந்தவை. மரத்துக்குச் சொந்தக்காரரிடம் கேட்டுத்தான் எடுத்தேன்.

இலுப்பைத்தோப்பு | மே 18

விழுந்த மரத்துக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. கோடியக்கரை போன்ற சரணாலயத்துக்குள் மட்டும் விழுந்த கிளையையும் தொடக்கூடாது. என் அச்சம் வேறு. "விழுந்ததுதான்" என்று சொல்லிக்கொண்டு நல்ல கிளையை முறிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைமடை | மே 20

அப்பா நகத்தால் தூக்கிப் பார்த்தார். பட்டை முழுசாக இருந்தது. எதுவும் பேசாமல் அரிவாளை எறவானத்தில் செருகிவிட்டுப் போய்விட்டார். அதே மரத்தில் வடக்குக் கிளையில் நிஜப் புல்லுருவி இருந்தது. சாயங்காலம் அதை வெட்டினார்.

நெல்லும்பூவும் | ஜூன் 3

இந்த இழை முழுவதும் படித்தேன். எனக்குப் பாபநாசம் பக்கம் ஒரு ஏக்கர் தென்னை இருக்கிறது. மரங்களுக்கு இடையே நிழல்வலை போட்டு வாண்டாவைப் பூ வியாபாரமாகச் செய்யலாமா? கடன் வாங்கலாம் என்று இருக்கிறேன்.

கொள்ளிடத்தான் | ஜூன் 3

கடன் வாங்காதீர்கள். வாண்டா மெதுவாக வளர்வது. குடுவைக் கன்று பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். வெட்டுப்பூவுக்கு டென்ட்ரோபியம்தான் பழக்கம். அதற்கும் தண்ணீரின் தரமும் வாங்க ஆளும் முதலில் வேண்டும். இருபது செடி வாங்கி இரண்டு மழைக்காலம் பாருங்கள், பிறகு பேசலாம்.

வெண்ணாற்றங்கரை | ஜூலை 22

நான்கு வேர்ச் செடியில் இரண்டு புது வேர்கள்! நுனி கண்ணாடிப் பச்சையாக, மெழுகு தடவியது போல இருக்கிறது. ஒற்றை வேர்ச் செடி இன்னும் அப்படியே நிற்கிறது. இலைச் சுருக்கம் மட்டும் சற்றுக் குறைந்திருக்கிறது. ஆடிக்காற்று பேயாக அடிக்கிறது, காலையில் முக்கினால் ஒன்பது மணிக்கே வேர் வெள்ளையாகிவிடுகிறது.

கொள்ளிடத்தான் | ஜூலை 22

மகிழ்ச்சி அம்மா. ஆடிக்காற்றுக்கு இரண்டாவது முறையும் முக்குங்கள், பிற்பகல் மூன்று மணிக்கு. மேற்கில் ஒரு தட்டியோ சாக்குத் திரையோ கட்டுங்கள். மழைக்காலத்தில் அழுகலால் போவதைக் கணக்கில் எடுக்கும் அளவுக்கு, ஆடியில் உலர்ந்து போவதை நம் ஊரில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

புது வேர் வந்த செடிக்கு இனி உரம் தரலாம். தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரம் கடையில் கிடைக்கும், லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை. முதலில் வெறும் தண்ணீரில் வேரைப் பச்சையாக்கிவிட்டு அதன் பிறகு உரத் தண்ணீரில் முக்குங்கள். காய்ந்த வேரில் உரம் பட்டால் நுனி கருகும். 50 விழுக்காடு நிழல்வலை போதும். இலை இளம் பச்சையாக இருக்க வேண்டும். கரும்பச்சை என்றால் வெளிச்சம் போதவில்லை, அப்படியே விட்டால் பூக்காது. அந்தப் பச்சை வேர் நுனி நத்தைக்கு மிகவும் பிடிக்கும். இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

உப்பளக்காற்று | செப்டம்பர் 14

ஆவணி முடிகிறது. மரத்தில் கட்ட நினைப்பவர்கள் இப்போது கட்டுங்கள். ஐப்பசி மழை தொடங்கும்போது வேர் பட்டையைப் பிடிக்கத் தயாராக இருக்கும். மாமரம், இலுப்பை, தென்னை நல்லவை. கொய்யாவில் வேண்டாம், பட்டையை உரித்துப் போடும். கிழக்குப் பார்த்த பக்கத்தில், பருத்தித் துணிக் கிழிசலால் ஆடாமல் கட்ட வேண்டும். ஆடினால் வேர் நுனி தேய்ந்து நின்றுவிடும்.

வெண்ணாற்றங்கரை | நவம்பர் 6

ஐந்து நாள் அடைமழை. இரண்டு கூடைகளையும் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட்டேன். குருத்தில் நின்ற தண்ணீரைத் துணித் திரியால் ஒற்றி எடுத்தேன். முக்குவதே இல்லை, காற்றின் ஈரத்திலேயே வேர் பச்சையாக இருக்கிறது.

ஒற்றை வேர்ச் செடியில் ஓர் இலைக் கக்கத்தில் ஏதோ முளைக்கிறது. மிளகளவுதான் இருக்கிறது. வேரா, பூந்தண்டா?

கொள்ளிடத்தான் | நவம்பர் 6

இப்போது சொல்ல முடியாது அம்மா. நுனி உருண்டு வழுவழுப்பாக இருந்தால் வேர். சற்றுத் தட்டையாக, செதில் மூடிய மூக்கு போல இருந்து மேல்நோக்கித் திரும்பினால் பூந்தண்டு. பத்து நாள் பொறுங்கள். தொட்டுப் பார்க்க வேண்டாம், இரண்டுமே எளிதில் ஒடியும்.

வெண்ணாற்றங்கரை | நவம்பர் 17

இன்று காலை மழை விட்டிருந்தது. வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். கீழ்நோக்கித் திரும்பிவிட்டது. நுனி பச்சை. வேர்தான் ஐயா, இரண்டாவது வேர்.